தகர வாய்க்காலில் தலைப்பிரசவம்

ஈட்டிமட்டத்தில் அந்த வருஷம் ஆனி மாசம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில், ஆறுச்சாமி வீட்டுக் கூரையின் தகர வாய்க்காலில் ஒரு மேகம் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கியது. அன்றைக்குத்தான் ரேஷன் கடையில் மூன்று மாசத்துக்குப் பிறகு பாமாயில் வந்தது என்பதால், கிழமையைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் வருகிற அந்த ஊரில் மேகம் தெருவில் நடமாடுவது ஒன்றும் புதிதல்ல. காலையில் பால்காரருக்கு முன்னால் வரும், மத்தியானம் துணி காயப்போட்ட பெண்களிடம் வசவு வாங்கும், சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் ஆளோடு ஆளாகக் குந்தியிருந்துவிட்டுப் போகும். ஆனால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, இத்தனை வீடு இருக்க ஒரு வீட்டைப் பார்த்து வந்து படுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈட்டிமட்டத்தில் கூரை என்றால் சரிவு ஓடுதான். ஓட்டின் விளிம்பில் மழைத் தண்ணீரை ஏந்திக் குழாய் வழியே கீழே தொட்டிக்கு அனுப்ப ஒரு தகர வாய்க்கால் இருக்கும். அதில் இலை விழுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் பொங்கிச் சுவரில் இறங்கும், சுவர் ஊறும், சுவரோடு சேர்ந்து வீட்டுக்காரனின் நிம்மதியும் ஊறும். ஆறுச்சாமி வீட்டுக்குப் பின்னால் ஆறு கற்பூர மரங்கள், தைலம் காய்ச்சுகிற மரம்தான், பன்னிரண்டு மாசமும் இலை உதிர்ப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத மரம். ஆறுச்சாமியோ தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கேயாவது ஒரு அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வாய்க்காலுக்கு ஒரு மூடி போட வேண்டும், இலை மேலே நிற்க வேண்டும், தண்ணீர் உள்ளே போக வேண்டும், அதற்கு எது சரியான மூடி என்பதை வைகாசி முழுக்க அவர் பேசினார். பல் விளக்கும்போது பேசினார், சாப்பிடும்போது பேசினார், மாரியம்மன் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்ததும் பேசினார். அவர் மனைவி தவமணிக்கு மூடி என்ற சொல்லைக் கேட்டாலே தலை சுற்றியது.

கடைசியில் கோயமுத்தூரிலிருந்து மூடி விற்கிற ஆள் வியாழக்கிழமை வருவதாகப் போனில் சொல்லியிருந்தான். அவன் வருவதற்குள் வாய்க்காலைச் சுத்தமாக்கி வைப்போம் என்று ஆறுச்சாமி ஏணி போட்டு, கொட்டாங்குச்சியோடு ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றார்.

"தவமணி, இங்க வாய்க்கால்ல யாரோ படுத்திருக்காங்க."

தவமணி ஏறிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, புகைபோக்கி மூலையிலிருந்து குழாய் வாய் வரைக்கும் ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஒரு ஓரம் குழாய்க்குள் தொங்கியது. நடுவில் உருண்டு திரண்டு ஒரு மேடு. அந்த மேட்டுக்குள்ளே சின்னதாக எதுவோ புரண்டதும், படுத்திருந்தது பெருமூச்சு விட்டது, வீட்டின் ஜன்னல் கண்ணாடி ஏழும் ஒன்றாக வேர்த்தன. தவமணிக்கு ஐம்பத்தாறு வயசு, பிள்ளை இல்லை. பெண் பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குத்தான் மாசமான பெண் வருவாள் என்று தெரிந்தவள்.

"நீங்க எறங்குங்க," என்றாள். "இலைய அப்புறமேட்டுக்கு அள்ளிக்கலாம்."

அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுப் பழனாத்தா வந்துவிட்டாள். ஊரில் எந்த வீட்டில் எது நடந்தாலும் அவள் மூக்கில் வேர்த்துவிடும். ஆறு பிள்ளை பெற்றவள், பெற்ற ஆறையும் சுகமாக வளர்த்துக் கட்டிக் கொடுத்தவள், அதனால் ஈட்டிமட்டத்தில் பிரசவ சம்பந்தமாக அவள் சொன்னதுதான் தீர்ப்பு. ஏணியின் மூன்றாவது படியில் நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஏழு முடிஞ்சிருச்சு, எட்டு நடக்குது, தலைச்சன்," என்று சொல்லிவிட்டு இறங்கி, காபி கேட்டாள். அது மேகமாயிற்றே, அதற்கு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனி மாசத்தில் மாசமான பெண் மலையேறி வந்திருக்கிறாள், யார் எவர் என்று விசாரிக்கிற நேரமா அது? பெயர் தெரியாததால் அம்முணி என்று கூப்பிட்டார்கள், கொங்கு நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயர்.

அம்முணிக்கு எட்டாம் மாசத்திலும் மசக்கை ஓயவில்லை, ஆவி மேல் ஆசை. தவமணி இட்லிக் குண்டானைத் திறந்தால் போதும், ஆவி கூரைக்குப் போகாமல், ஜன்னலுக்குப் போகாமல், நேராகக் கதவைத் தாண்டி மேலேறி வாய்க்காலுக்குள் போய்விடும், மேலேயிருந்து சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்கும். தவமணி மூன்று வேளையும் இட்லி வேக வைத்தாள். ஆவி போன இட்லியை ஆறுச்சாமி மூன்று வேளையும் தின்றார். எட்டாம் நாள் அவருடைய வேட்டி சுற்று எட்டவில்லை. ஊர்ப் பெண்கள் வரிசையில் வந்தார்கள், ஒருத்தி கொதிக்கிற ரசம், ஒருத்தி புட்டுக் குழல், ஒருத்தி வெந்நீர் அண்டாவையே இடுப்பில் வைத்துக்கொண்டு. வருகிறவர்கள் எல்லாரும் ஏணிக்குக் கீழே நின்று, "அம்முணி, உங்க ஊரு எது கண்ணு?" என்று கேட்பார்கள், மேலேயிருந்து ஒரு சொட்டு விழும், "கடல் பக்கமாம்" என்று திருப்தியாகப் போவார்கள். தவமணிக்கோ கால் தரையில் பாவவில்லை. தெருவில் போனால், "உங்க அம்முணி எப்படி இருக்குது?" என்று கேட்டார்கள், உங்க என்கிற அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே அவள் தேவையில்லாமல் கடைக்குப் போனாள், வீட்டில் உப்பு ஒன்பது பாக்கெட் சேர்ந்தது.

இதற்கு நடுவே, அம்முணி வந்த மூன்றாம் நாளே, சொன்னபடி வியாழக்கிழமை மூடிக்காரன் வந்தான். சகாயராஜ் என்று பெயர், மோட்டார் சைக்கிள், மழைக்கோட்டு, பெரிய பை. வாய்க்காலில் ஒரு மேகம் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு அவன் முகத்தில் ஒரு தொழில்காரனின் கவலை மட்டும்தான் வந்தது.

"இலைக்கு மூடி இருக்குதுங்கய்யா. காக்கா கூடு கட்டாம இருக்கறதுக்கு இருக்குது. குடியிருக்கற வாய்க்காலுக்குன்னு எங்க கம்பெனில தனியா ஒண்ணும் வரலைங்க," என்றான். "போட்டுப் பாத்துத்தான் சொல்லணும்."

பையிலிருந்து நாலு வகை எடுத்து வாசலில் பரப்பினான். ஓட்டை போட்ட தகடு, ஸ்பாஞ்ச், நீள பிரஷ், பொடிக் கம்பி வலை. தகட்டைக் கையில் எடுத்து ஆறுச்சாமி ஆசையாகத் தடவினார், இது ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற வகை, இருபது வருஷம் அசையாது என்று சகாயராஜ் சொன்னதும்தான் தாமதம், பழனாத்தா எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏப்பா, மாசமா இருக்கற புள்ள இருக்கற வீட்ல ஆணி அடிக்கறதா? ஸ்க்ரூவாம் ஸ்க்ரூ! உங்க ஊர்ல பெரியவங்களே இல்லையா?"

அது சகாயராஜுக்கும் தெரிந்த சாஸ்திரம்தான். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு தகட்டைப் பைக்குள் போட்டான். ஸ்பாஞ்சை எடுத்து வாய்க்காலின் ஒரு முனையில் மெதுவாகச் செருகினான். செருகிய வேகத்தில் அம்முணியின் கால்மாட்டை அது உறிஞ்சிவிட்டது, அம்முணி வீல் என்றாள், தவமணி பாய்ந்து ஸ்பாஞ்சைப் பிடுங்கி வாய்க்காலிலேயே பிழிந்தாள். பிழிந்ததெல்லாம் திரும்ப ஒட்டிக்கொண்டது, ஆனாலும் ஒரு டம்ளர் அளவு குறைந்ததாகத்தான் அவளுக்குத் தோன்றியது, அன்றைக்கு ஒரு ஈடு இட்லி கூடுதலாக வைத்தாள்.

பிறகு பிரஷ். நரம்பு நரம்பாக ரோமம் வைத்த நீள பிரஷ், வாய்க்காலுக்குள் படுக்க வைத்தால் இலை மேலே நிற்கும். சகாயராஜ் அதை அம்முணியின் விலாப்பக்கம் தள்ளினான். அம்முணி நெளிந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினான். அம்முணி சிரித்தாள்.

மேகம் சிரித்தால் அது தூறலாகத்தான் விழும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்தத் தூறல் பட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். முதலில் ஏணியில் நின்ற சகாயராஜ் சிரித்தான், சிரித்த சிரிப்பில் பிரஷ் இன்னும் ஆழமாகப் போனது, தூறல் தெருவுக்குப் பரவியது, டீக்கடைக்காரர் கெக்கெக்கே என்று சிரித்து டீயை மேசைக்கு ஆற்றினார், பள்ளிக்கூட டீச்சர் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மேல்தெருவில் ஒரு வேலிக்காக ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் ஒருத்தர் நனைந்த கோலத்தை ஒருத்தர் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கட்டிக்கொண்டு சிரித்து, அந்த வேலியின் மேலேயே சாய்ந்து சிரித்து அதை முறித்தார்கள். மறுநாள் காய்ந்த பிறகு, யார் முறித்தது என்று புதுசாகப் பேசாமல் இருக்க ஆரம்பித்தார்கள். ஆறுச்சாமி, வாழ்க்கையில் பாய்லர் சீட்டியடித்தால் மட்டுமே புன்னகைக்கிறவர், வாசலில் உட்கார்ந்து, "மூடி, மூடி" என்று சொல்லிச் சொல்லி அழுகிற மாதிரி சிரித்தார். ஊர் முழுக்க பிரஷ்தான் வேண்டும் என்றது. பழனாத்தா மட்டும், சிரித்துக்கொண்டேதான், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான், "எட்டாம் மாசத்துல இப்படிச் சிரிச்சா வலி வந்துரும், உருவுப்பா அதை," என்றாள். உருவினான். மிஞ்சியது கம்பி வலை. அதை ஓட்டின் அடியில் செருகினால் போதும், ஆணி வேண்டாம். ஆனால் அத்தனை பொடிக் கண்ணுக்கு நடுவே அம்முணியால் மூச்சு விட முடியுமா என்று தவமணி கேட்டாள். சகாயராஜ் யோசித்து, பிரசவம் ஆகட்டும், பார்க்கலாம் என்று வலையை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

ஊர் சும்மா இருக்குமா? மறுவாரமே ஈட்டிமட்டத்தில் எல்லா வாய்க்காலும் பளபளத்தது. ஒரு வீட்டில் உள்ளே இலவம்பஞ்சு பரப்பினார்கள், ஒரு வீட்டில் சாம்பிராணி காட்டினார்கள், ஒரு வீட்டில் "பிரசவத்துக்கு இடம் உண்டு, வெந்நீர் வசதியுடன்" என்று அட்டையில் எழுதி வானத்தைப் பார்க்கக் கட்டினார்கள். ஒரு மேகமும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் மழையை ஊற்றிவிட்டு வந்த வழியே போயின.

ஒன்பதாம் மாசம் வளைகாப்பு வைத்தார்கள். கட்டுச்சோறு ஏழு வகை, தட்டுகள் இருபத்தொன்று, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் கூடை நிறைய. இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக ஈட்டிமட்டத்தில் எந்தப் பெண்ணின் வளைகாப்புக்கும் எலுமிச்சை சாதம் கிளறியது தவமணியின் கைதான்; வளையல் போட்டது மட்டும் அந்தக் கை இல்லை. பிள்ளை பெற்ற கைதான் வளையல் போட வேண்டும் என்பார்கள். ஒருத்தரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, வளையல் எடுக்கிற நேரத்துக்குச் சரியாக அவளை அடுப்படியில் எதற்காவது கூப்பிட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். இந்த முறை அப்படி இருக்காது என்று அவள் நம்பினாள். தன் வீடு, தன் வாய்க்கால், தன் அம்முணி. பட்டுப்புடவை கட்டி, கூடையிலிருந்து ஒரு ஜோடி பச்சை வளையலை முன்னாலேயே பொறுக்கி இடுப்பில் செருகி வைத்திருந்தாள். பெண்கள் ஏணியடியில் வரிசையில் நின்றபோது அவளும் போய் நின்றாள். பழனாத்தா அவள் தோளைத் தொட்டாள், அன்பாகத்தான் தொட்டாள்.

"கண்ணு, சாதம் அடிப்பிடிக்கற வாசம் வருது பாரு. நீ அதைப் பாத்துக்கோ."

சாதம் கிளறி இறக்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தவமணி உள்ளே போனாள். ஆறின சாதத்தைத் திரும்பவும் கிளறினாள். மேலே வளையல் ஒவ்வொன்றாக ஏறுகிற சத்தம் கேட்டது, அம்முணி அசையும்போதெல்லாம் ஓடு முழுக்க கலகலவென்றது, தெருவே கைதட்டியது. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டையும் சாதத்தில் போட்டுக் கிளறினாள். அன்றைக்கு எலுமிச்சை சாதம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. இடுப்பில் செருகிய ஜோடியை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

ஆடி பதினெட்டு கழித்து மூன்றாம் நாள், பொழுது விடிகிற நேரத்தில், கூரை மேல் ஒரே ஒரு இடி இடித்தது, சின்ன இடி, டம்ளர் கீழே விழுந்த அளவு. ஏறிப் பார்த்தால் அம்முணிக்குப் பக்கத்தில் ஐந்து குஞ்சு மேகங்கள், தலையணை பருமன், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குமுறிக்கொண்டு. ஐந்தும் பெண் என்று பழனாத்தா சொன்னாள். அது எப்படித் தெரிந்தது என்று கேட்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. சர்க்கரை கொடுத்தார்கள். ஆறுச்சாமி தெருத்தெருவாகப் போய், தாத்தா ஆகிவிட்டதாகச் சொன்னார், யாரும் கேட்காமலே.

அதிலிருந்து வீடு பழனாத்தாவின் கைக்குப் போனது. பிள்ளை பெற்றவள் உடம்பு பச்சை உடம்பு. நனையக் கூடாது, ஈரக்காற்று படக் கூடாது, குளிர்ச்சி ஆகவே ஆகாது. இது ஈட்டிமட்டத்தில் எல்லாத் தாய்மாரும் அனுபவித்துத் தெரிந்த விஷயம். ஆகவே அம்முணியின் மேல் ஒரு சொட்டு மழை விழாதபடி, லாரிக்குப் போடுகிற தார்ப்பாயைக் கூரைக்கு மேலே இழுத்துக் கட்டினார்கள். குஞ்சுகளின் மேல் இலை விழக் கூடாது, கண் படக் கூடாது என்று சகாயராஜைப் போன் போட்டு வரவழைத்து, அந்தக் கம்பி வலையை வாய்க்கால் நீளத்துக்கும் செருக வைத்தார்கள். காலையும் மாலையும் சாம்பிராணி. பத்தியத்துக்குப் பூண்டு வறுத்த ஆவி மட்டும். இட்லி ஆவி குளிர்ச்சி என்று நிறுத்தியாகிவிட்டது. மழையோ வெளியே கொட்டு கொட்டென்று கொட்டியது, ஊர் அத்தனையும் நனைந்தது, அம்முணியும் ஐந்து குஞ்சும் மட்டும் சுக்கு மாதிரி உலர்ந்து கிடந்தார்கள். இப்போதுதான் ஆறுச்சாமிக்கு முகத்தில் களை வந்தது. வலை மேல் இலை தங்கியது, வாய்க்கால் சுத்தமாக இருந்தது, ஒரு அடைப்பு இல்லை.

இரண்டாம் நாள் ஒரு வளையல் கழன்று தகரத்தில் விழுந்தது. தவமணி அடுப்படியில் இருந்தபடி அதைக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாம் நாள் பத்துப் பன்னிரண்டு விழுந்தன. நாலாம் நாள் மத்தியானம் விடாமல் விழ ஆரம்பித்ததும் அவள் ஏறிப் பார்த்தாள். அம்முணி ஒரு முழம் வெள்ளைத் துணி அளவுக்கு வற்றியிருந்தாள். குஞ்சுகள் வெளியே போக முட்டி முட்டி, கம்பி வலையின் பொடிக் கண்ணில் நூல் நூலாகப் பிரிந்து நின்றன. ஒன்று முட்டக்கூட இல்லை.

அவள் இறங்கி வந்தபோது வாசலில் பழனாத்தாவும் இன்னும் நாலைந்து பெண்களும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அம்முணி வத்திப் போறா. தார்ப்பாயை எடுத்துரலாங்கக்கா."

"பெத்த உடம்பு வத்தத்தான் செய்யும். நாப்பது நாள் போகட்டும், தேறிரும்."

"நாப்பது நாள் தாங்காதுங்க. வளையல் எல்லாம் கழண்டு விழுகுது. அவளுக்கு மழை வேணும்."

பழனாத்தா பூண்டை முறத்தில் போட்டாள். கெட்டவள் இல்லை அவள், பயந்திருந்தாள். பயந்தால் அவளுக்குக் கோபம் வரும். "ஆறு பெத்தவ சொல்றேன், நனைஞ்சா சன்னி கண்டுரும். உனக்கு என்ன தெரியும்? நீ பெத்துப் பாத்திருக்கியா?"

முப்பது வருஷத்தில் ஒருத்தரும் முகத்துக்கு நேரே சொல்லாததைச் சொல்லியாகிவிட்டது. ஆறுச்சாமி தரையைப் பார்த்தார். தவமணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போது மேலே இன்னொரு வளையல் விழுந்தது.

"நான் பெக்கலைங்கக்கா," என்றாள். "ஆனா அவ வந்த நாள்லருந்து அவளையேதான் பாத்துட்டு இருக்கேன். அவ உங்களை மாதிரியும் இல்ல, என்னை மாதிரியும் இல்ல. அவளுக்குத் தண்ணி வேணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள், நனையுது, குழந்தை நனையுது, ஐயோ இவளைப் பிடிங்க என்று. ஏணியைப் பிடிக்க வந்த ஆறுச்சாமி ஒரு நொடி யோசித்துவிட்டு, அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்தவர்களை முதுகால் மறித்தார். தவமணி தார்ப்பாயின் கயிற்றைக் கையால் அவிழ்த்தாள், அவிழாததைப் பல்லால் அவிழ்த்தாள், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது, தார்ப்பாய் ஒரு பெரிய நீலப் பறவையாகக் கிளம்பிப் பழனாத்தா வீட்டுக் கூரைமேல் போய் உட்கார்ந்தது. பிறகு வலை. ஓட்டின் அடியிலிருந்து அதை ஒவ்வொரு சாணாக உருவினாள், கம்பி கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது, உருவி உருவித் தோட்டத்தில் எறிந்தாள். மழை அப்படியே வாய்க்காலுக்குள் இறங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை. தவமணி ஏணியில் நின்று நனைந்தாள். கீழே கத்தல் அடங்கியது. அவள் வாழ்க்கையில் அத்தனை பயந்ததே இல்லை. பிறகு, அந்த ஒரு முழத் துணி, தாகத்தில் தண்ணீர் குடிக்கிறவர்கள் தொண்டையில் எழும்புகிற அந்தச் சத்தத்தைப் போட்டது. குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். இரண்டு முழமானாள், பாய் அகலமானாள், வாய்க்கால் கொள்ளாமல் வழிந்தாள், கூரையில் ஏறி உட்கார்ந்தாள். நூலாகக் கிடந்த குஞ்சுகள் சுருண்டு, திரண்டு, முட்டாமல் கிடந்ததும் கடைசியாக ஒரு தும்மல் போட்டு எழுந்து, ஐந்தும் ஓட்டிலிருந்து தெருவில் குதித்தன.

அப்புறம் ஈட்டிமட்டத்தில் மூன்று மாசம் யாரும் ஒழுங்காக ஒரு வேலை பார்க்கவில்லை. குஞ்சுகள் வீடு வீடாகப் போயின. ஒன்று தபால் பெட்டியில் தூங்கியது, ஊருக்கு வந்த கடிதமெல்லாம் மை கலைந்து எல்லார் வீட்டுச் செய்தியும் ஒன்றாகிவிட்டது, அதனால் ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தது. ஒன்று பேருந்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. நடத்துநர் அதை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினார், மடி நனைந்ததைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவில்லை. இரண்டு துணிக்கொடியில் துணியோடு துணியாகத் தொங்கும், எடுத்து மடித்து வைத்த பிறகுதான் தெரியும். கடைக்குட்டி பழனாத்தாவின் அடுப்படியைப் பிடித்துக்கொண்டது. அவள் விறகை ஊதி ஊதிப் பற்றவைப்பாள், அது அணைக்கும். "உங்க ஆத்தாகிட்டப் போ," என்று கரண்டியைக் காட்டுவாள். அது போகாமல் அவள் மடியில் ஏறிப் படுக்கும். ஆறு பெற்றவள், ஆறும் டவுனுக்குப் போய்விட்டவள், அணைந்த அடுப்புக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தவமணியைக் கண்டால் மட்டும் அவள் பேச்சு தடுமாறியது.

ஐப்பசியில் வாடைக்காற்று வந்ததும் புறப்பட்டார்கள். பெண்கள் வரிசைத் தட்டோடு நின்றார்கள், கொதிக்கக் கொதிக்க ஏழு அண்டா வெந்நீர், வழிக்கு. அம்முணி தவமணியின் தலையை ஒரு தடவை முழுசாக மூடி, முகமெல்லாம் நனைத்துவிட்டு எழும்பினாள். தவமணி அழுதாளா, நனைந்தாளா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

கார்த்திகையில் சகாயராஜ் திரும்ப வந்தான். வாய்க்கால் திரும்பவும் இலையால் அடைத்திருந்தது, மேற்குச் சுவர் ஊறியிருந்தது, ஆறுச்சாமி சோறு இறங்காமல் இருந்தார். இந்த முறை தவமணி வீட்டு வாசலில் ஊரே நின்றது. அவள் எந்த மூடி போடுகிறாளோ அதைத்தான் தாங்களும் போடுவது என்று எல்லா வீடும் காத்திருந்தது. அடுத்த ஆனிக்கு எந்த மேகம் எந்த வாய்க்காலைப் பார்க்குமோ, யார் கண்டது?

"இப்ப அளவு சொன்னா, வலையில அந்த அளவுக்குக் கண்ணு வச்சு நாங்களே அடிச்சுக் கொடுத்துருவங்கம்மா," என்றான் சகாயராஜ், நோட்டைத் திறந்துகொண்டு. "மூணு மில்லிமீட்டர் இருக்குது, அஞ்சு இருக்குது, எட்டு இருக்குது. எத்தனை போடட்டுங்க?"

தவமணிக்கு மில்லி தெரியாது. கணக்குப் பார்க்காமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை வட்டமாக வளைத்துக் காட்டினாள். கம்பி கிழித்த தழும்பு உள்ளங்கையில் வெள்ளையாகத் தெரிந்தது.

சகாயராஜ் வட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இத்தனை பெரிய கண்ணா? இலை பூரா உள்ள போயிருமேம்மா. அப்புறம் மூடி எதுக்குங்க?"

"போகட்டும். அள்ளிப் போட நாங்க இருக்கம்."

"இல்லீங்கம்மா, இந்த அளவுக்கு எங்க கம்பெனில..." என்று அவன் சுற்றிலும் பார்த்து, கூட்டத்தில் விஷயம் தெரிந்தவளாகத் தெரிந்த பழனாத்தாவிடம் திரும்பினான். "நீங்களாவது சொல்லுங்கம்மா. இது என்ன அளவு?"

பழனாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தவமணியின் கைகளுக்கு நடுவே இருந்த அந்த வட்டத்தைப் பார்த்தாள். ஆறு தடவை பார்த்த அளவு அது.

"புள்ளைத் தலை அளவுப்பா," என்றாள். "சரியான அளவுதான். எழுதிக்க, அவளுக்குத் தெரியும்."

சகாயராஜ் டேப்பை எடுத்து, அந்த விரல்களுக்கு நடுவே குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை பிடித்து, நோட்டில் குறித்துக்கொண்டான். அவன் அளந்து முடிக்கும் வரைக்கும் தவமணி கையை இறக்கவில்லை.